தனியார் கிளினிக்குக்கான நிர்வாக மென்பொருள்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: பொது மருத்துவர், கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் 11 ஆண்டுகளாகச் சொந்தக் கிளினிக் நடத்தி வருகிறேன். மாலை 5 முதல் 9 மணி வரை 70 முதல் 80 பேர் வருவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் காய்ச்சல் பரவினால் எண்ணிக்கை நூற்றைத் தாண்டிவிடும். கிளினிக்கை ஒட்டி ஒரு மருந்துக்கடையும், ரத்தம், சிறுநீர் பார்க்கும் சிறிய ஆய்வகமும் இருக்கின்றன. ரிசப்ஷனில் ஒருவர், செவிலியர் இருவர், மருந்தாளுநர் ஒருவர், ஆய்வக உதவியாளர் ஒருவர் என்று மொத்தம் ஐந்து பேர் பணியில் உள்ளனர்.

இதுவரை நோயாளிகளின் விவரங்களை நீளமான நோட்டுகளிலும், வரவு செலவை எக்செல் தாளிலும் எழுதி வந்தோம். சென்ற மாதம் நெடுநாள் சர்க்கரை நோயாளி ஒருவரின் பழைய கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவைத் தேடி மூன்று நோட்டுகளைப் புரட்டியும் கிடைக்காமல், மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று. அன்றே மென்பொருள் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மூன்று நிறுவனத்தார் வந்து காட்டிவிட்டுப் போனார்கள். மூன்றிலும் எல்லா வசதியும் இருப்பதாகத்தான் தெரிகிறது. ஒன்று இணையவழிச் சந்தா. இன்னொன்று கிளினிக்கிலேயே ஒரு கணினியில் நிறுவுவது. மூன்றாவது முற்றிலும் இலவசம் என்கிறார்கள். வசதிப் பட்டியலை ஒப்பிட்டு முடிவெடுக்க முடியவில்லை. உண்மையில் எவற்றைக் கேட்டு, எவற்றைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பொது மருத்துவர், ஈரோடு

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். இது எனக்கு மூன்றாவது மென்பொருள். முதல் இரண்டையும் நான் தேர்ந்தெடுத்த விதம் தவறு என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் மென்பொருளை ஏழு ஆண்டுகள் பயன்படுத்தினோம். ஆண்டுச் சந்தாவை ஒரே முறையில் இரண்டு மடங்காக உயர்த்தியபோது வேறொன்றுக்கு மாறலாம் என்று எண்ணி, எங்கள் தரவுகளைத் தரும்படி கேட்டோம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பி.டி.எஃப். கோப்பு வீதம் ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரு வன்தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணால் படிக்கலாம், புதிய மென்பொருளுக்குள் ஏற்ற முடியாது. நோட்டைக் கணினிக்குள் பூட்டி வைத்ததுபோல் ஆகிவிட்டது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், தரவு யாருக்குச் சொந்தம் என்று எழுதியிருந்ததே ஒழிய, எந்த வடிவத்தில், எத்தனை நாளில் தருவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, விலையைப் பேசுவதற்கு முன்பாகவே வெளியேறும் வழியைப் பேசிவிடுங்கள். நோயாளி விவரம், வருகைகள், மருந்துச் சீட்டுகள், ஆய்வக முடிவுகள், பில்கள் ஆகிய ஒவ்வொன்றையும் எக்செல்லில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. போன்ற வடிவத்தில், அவர்களிடம் கேட்காமலேயே நீங்களாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். முடியும் என்று சொன்னால் உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். எனக்கு இப்போதைய மென்பொருளைக் காட்ட வந்தவர் பொத்தானை அழுத்தினார். நோயாளிகளின் பட்டியல் வந்தது, வருகைக் குறிப்புகள் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அதையும் சேர்த்துக்கொண்டு வந்த பிறகே கையெழுத்திட்டேன். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோப்புகளை இறக்கி, வீட்டில் ஒரு வன்தட்டில் வைத்துக்கொள்கிறேன்.

இலவச மென்பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த நிறுவனத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாம் எந்த நோய்க்கு எந்த மருந்தை எழுதுகிறோம் என்ற விவரத்துக்கு மருந்து நிறுவனங்களிடம் மதிப்பு உண்டு. பெயரை நீக்கிவிட்டுத் தொகுப்பாகத்தான் கொடுக்கிறோம் என்று சொன்னாலும், அதற்கு உங்கள் சம்மதம் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அந்தச் சட்டத்தின் பார்வையில் நோயாளியின் தரவுக்குப் பொறுப்பாளர் கிளினிக்தான். மென்பொருள் நிறுவனம் நம் சார்பில் தரவைக் கையாள்பவர் மட்டுமே. போதிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். ஒரு டாக்டர் கிளினிக்குக்கு அந்த அளவு விதிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கசிவு நேர்ந்தால் உடனே நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையாவது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பதில் 2: மருத்துவமனை மென்பொருள்களை நிறுவும் பணியில் இருந்தவர், கோயம்புத்தூர்

மேலே டாக்டர் சொன்னது கிளினிக்கை விட்டு மென்பொருள் வெளியேறும் நாளைப் பற்றியது. நான் அது உள்ளே வரும் நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: கிளினிக் மென்பொருள்கள் மருத்துவரின் மேசையில் தோற்பதைவிட ரிசப்ஷனில் தோற்பதே அதிகம். அங்கேயும் பெரும்பாலும் பெயரில்தான் தோற்கின்றன.

மென்பொருளைத் திறந்தவுடன் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம் ஊரில் வருபவர் 'எஸ். முருகன்' என்பார். ஒரு நாள் ரிசப்ஷனில் இருப்பவர் முருகனை முதல் கட்டத்திலும் எஸ்ஸை இரண்டாவதிலும் போடுவார். மறுநாள் வேறொருவர் மாற்றிப் போடுவார். மூன்றாம் நாள் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட மென்பொருள் அனுமதிக்காததால் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போவார். ஒரே முருகனுக்கு மூன்று பதிவுகள் ஆகிவிட்டன. பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின்னர் கணவரின் முதலெழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் லட்சுமி என்ற ஒரு பெயருக்கே நான்கைந்து எழுத்துக்கூட்டல் உண்டு. எழில், அழகு, தமிழ் என்று 'ழ' வரும் பெயர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைப்பேசி எண்ணை வைத்துத் தேடலாம் என்றால், வீட்டில் உள்ள ஆறு பேருக்கும் ஒரே எண்தான் கொடுப்பார்கள். அந்த எண்ணை வைத்திருக்கும் மகன் வெளிநாடு போய்விட்டால் அடுத்த முறை வேறு எண். வயதோ, சென்ற வருகையில் 58, இந்த வருகையில் 55.

இதைச் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். ஒரு கிளினிக்கில் பென்சிலின் ஒவ்வாமை என்று ஒருவரின் ஒரு பதிவில் எழுதியிருந்தது. அவருடைய இன்னொரு பதிவைத் திறந்து மருந்து எழுதிவிட்டார்கள். நோயாளியே வாய் திறந்து சொன்னதால் தப்பினார். நோட்டில் எழுதியிருந்தால் எழுதியவரின் நினைவாவது இருந்திருக்கும். கணினியில் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்த பிறகு யாரும் வாயால் கேட்பதில்லை.

ஆகவே நிறுவனத்தார் அடுத்த முறை வரும்போது நீங்கள் பார்க்க வேண்டாம். ரிசப்ஷனில் இருப்பவரை உட்கார வையுங்கள். உங்கள் நோட்டிலிருந்து உண்மையான 30 பெயர்களை, அதில் ஒரே குடும்பத்தார் நால்வரும், ஒரே பெயருடைய மூவரும் இருக்கும்படி எடுத்துக் கொடுத்து, மாலை ஆறரை மணிக் கூட்டத்தின் நடுவிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். முதலெழுத்துக்குத் தனிக் கட்டம் உண்டா, ஒரே எண்ணில் பலரைச் சேர்த்து 'இவர்களில் யார்?' என்று காட்டுகிறதா, பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஒலியை வைத்துத் தேடித் தருகிறதா, தவறுதலாக உண்டான இரண்டு பதிவுகளை ஒன்றாக்க முடிகிறதா, ஒன்றாக்கியது யார் என்ற குறிப்பு நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பதிவுக்கு 20 நொடிக்கு மேல் ஆனால் உங்கள் கூட்டத்துக்கு அது ஒத்துவராது.

மத்திய அரசின் மின்னணு சுகாதாரப் பதிவுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனில் இணைந்த மென்பொருளாக இருந்தால் இந்தச் சிக்கலில் ஒரு பகுதி குறையும். அத்திட்டத்தின் 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண்ணான ஆபா எண் உள்ளவர் உங்கள் கிளினிக்கின் கியூ.ஆர். குறியீட்டைத் தம் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால், பெயரும் பிறந்த ஆண்டும் அவர் எண்ணோடு பதிவானபடியே வந்து விழுந்துவிடும். ஆனால் ஆபா எண் நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. அது இல்லாதவரைப் பதிவு செய்ய மறுக்கும் மென்பொருளை வாங்கக் கூடாது.

தமிழ் அச்சையும் சோதியுங்கள். திரையில் அழகாகத் தெரியும் தமிழ், சிறிய வெப்ப அச்சுப்பொறியில் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ வருவது சாதாரணம். 'காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்' என்று அடித்துப் பார்த்து, 'கொ', 'சௌ', 'ஸ்ரீ' ஆகியவை உடைகின்றனவா என்று பாருங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும்; யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு வகைக் குறியீட்டில் சேமித்தால் பின்னர் தேடவும் முடியாது, மாற்றவும் சிரமம். நினைவூட்டல் எஸ்.எம்.எஸ். தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 160 குறிகளுக்குப் பதிலாக 70 குறிகள்தான் கிடைக்கும். 'கு' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறிகளாக எண்ணப்படும். அதனால் ஒரு வரி நினைவூட்டல்கூட இரண்டு மூன்று செய்திகளாகக் கட்டணம் ஆகும். விலைப் பட்டியலில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இணையவழியா, உள்ளூர்க் கணினியா என்ற கேள்விக்கு: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில்தான் வரும், உங்கள் கூட்டமோ மாலையில். இன்வெர்ட்டரில் மோடமையும் ரிசப்ஷன் கணினியையும் இணைத்து, கைப்பேசி இணையத்தை மாற்று ஏற்பாடாக வைத்தால் இணையவழியே போதும். உள்ளூர்க் கணினி என்றால் பேக்கப் எடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அதைத் தவறாமல் செய்யும் கிளினிக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கட்டற்ற மருத்துவமனை மென்பொருளில் பாம்னி (Bahmni) நல்லது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே கனியாரியில் உள்ள ஜன் ஸ்வாஸ்த்ய சகயோக் மருத்துவமனையில் முதலில் பயன்பாட்டுக்கு வந்தது, நோயாளிப் பதிவுக்கான ஓப்பன் எம்.ஆர்.எஸ்., பில்லுக்கும் இருப்புக்குமான ஒடூ, ஆய்வகத்துக்கான ஓப்பன் எலிஸ் ஆகியவற்றை ஒன்றாகப் பின்னியது. உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வரைப் பராமரிக்க ஆள் இல்லாத ஒற்றை மருத்துவர் கிளினிக்குக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 3: குழந்தை மருத்துவர், மதுரை

எல்லோரும் வாங்கச் சொல்வதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். 4 மணி நேரத்தில் 80 பேர் என்றால் ஒருவருக்கு 3 நிமிடம். மென்பொருளில் குறிப்பு எழுத ஒருவருக்கு ஒரு நிமிடம் கூடினால்கூட 80 நிமிடம். இரவு 9 மணிக்கு முடிய வேண்டியது பத்தேகாலைத் தாண்டும். அதைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்வீர்கள் என்றால், நோயாளியின் முகத்தைப் பார்க்கும் நேரத்தைத்தான் குறைப்பீர்கள். நான் அதைச் செய்தேன். ஒரு தாய், 'டாக்டர், குழந்தை இங்கே இருக்கிறது' என்று சொன்ன பிறகு திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

பதிவு, டோக்கன், பில், மருந்துக்கடை ஆகியவற்றைக் கணினியில் வையுங்கள். மருந்துச் சீட்டைக் கையால் எழுதி, வெளியே போகும்போது செவிலியர் ஒரு படம் எடுத்து நோயாளியின் பதிவில் சேர்த்துவிடட்டும். என் கிளினிக்கில் தடுப்பூசி அட்டவணை, எடை, உயரம் ஆகிய மூன்றை மட்டும் செவிலியர் தட்டச்சு செய்கிறார். வளர்ச்சி வரைபடம் தானாக வருகிறது. அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

பதில் 1-இன் தொடர்ச்சி: பொது மருத்துவர், ஈரோடு

மதுரை டாக்டர் சொல்வது குழந்தை மருத்துவத்துக்குப் பொருந்தும். ஆனால் கேள்வி கேட்டவர் தேடியது கிரியேட்டினின் அளவு. படமாக எடுத்த சீட்டுக்குள் அதைத் தேட முடியாது, மூன்று ஆண்டு அளவுகளை ஒரு கோட்டில் பார்க்கவும் முடியாது. சளிக்காய்ச்சலுக்கு வருபவருக்குக் கையெழுத்தும் படமும் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு நோயாளிகளுக்கு மட்டும் ஐந்தாறு எண்களைக் கட்டங்களில் பதிவு செய்யலாம்; அவற்றிலும் பாதியை ஆய்வக உதவியாளர் உள்ளிடுவார், எடையையும் ரத்த அழுத்தத்தையும் செவிலியர் உள்ளிடுவார். மருத்துவர் தட்டச்சு செய்ய வேண்டியது மிகக் குறைவு. இப்படி இரண்டு வகையாகப் பிரித்துப் பயன்படுத்த மென்பொருள் அனுமதிக்கிறதா, அல்லது எல்லாக் கட்டங்களையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்கு விடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கையெழுத்தைப் பற்றி ஒன்று. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் 2016-இல் திருத்தம் செய்தார்கள். என் கையெழுத்துக்கு அச்சுதான் பாதுகாப்பு. அடிக்கடி எழுதும் 40 மருந்துச் சேர்க்கைகளை முன்பே சேமித்து வைத்துவிட்டால், ஒரு சொடுக்கில் சீட்டு வந்துவிடுகிறது.

பதில் 4: பட்டயக் கணக்காளர், திருச்சி

என் வாடிக்கையாளர்களில் பல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மென்பொருள் வாங்கிய பிறகுதான் என்னைக் கேட்பார்கள். நீங்கள் வாங்குவதற்கு முன்பாகவே உங்கள் கணக்காளரிடம் மாதிரி அறிக்கைகளைக் காட்டிவிடுங்கள்.

1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 6எஃப் விதி, மருத்துவர்கள் 3சி படிவத்தில் தினசரிப் பதிவேடு வைக்க வேண்டும் என்றது: தேதி, வரிசை எண், நோயாளியின் பெயர், செய்த சேவை, பெற்ற கட்டணம், பெற்ற தேதி. பெரும்பாலான மென்பொருள்கள் அன்றைய மொத்த வசூலைக் காட்டுகின்றன. இந்தப் பத்திகளோடு தரச் சொன்னால் விழிக்கின்றன. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் படிவங்களின் எண்ணும் வடிவமும் மாறியிருக்கக்கூடும்; எனவே அறிக்கையின் பத்திகளை நீங்களே மாற்றிக்கொள்ளும் வசதி அவசியம்.

ஆலோசனைக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, மருந்துக்கடையில் வெளிநோயாளிக்கு விற்கும் மருந்துக்கு வரி உண்டு. இரண்டையும் ஒரே பில்லில் கலக்கும் மென்பொருள் உங்களுக்குத் தொல்லை. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அன்றைக்குக் காலையில் மென்பொருளில் புதிய விகிதம் இருந்ததா, அல்லது எத்தனை நாள் கழித்து வந்தது என்று அந்த நிறுவனத்தின் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் கேளுங்கள். பராமரிப்புச் சேவையின் தரத்தை அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. சந்தாவுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும், ஆலோசனைக்கு விலக்கு உள்ளதால் அந்தப் பங்குக்கு நீங்கள் கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ள முடியாது. எனவே வரியோடு சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

மருந்துக்கடைக்கு பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவற்றோடு எச்1 பட்டியல் மருந்துகளுக்கான (மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய, தனிக் கண்காணிப்பில் உள்ள மருந்துகள்) தனிப் பதிவேடும் வேண்டும். எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைக் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதை மென்பொருள் தானாகத் தொகுத்துத் தர வேண்டும்.

கேள்வி கேட்டவர், பத்து நாள் கழித்து

அனைவருக்கும் மிக்க நன்றி. முப்பது பெயர் சோதனையை மூன்று மென்பொருளிலும் செய்து பார்த்தோம். இலவச மென்பொருளில் முதலெழுத்துக்கு இடமே இல்லை, வருமானம் எங்கிருந்து என்ற கேள்விக்கு எழுத்தில் பதிலும் வரவில்லை, அதைக் கைவிட்டேன். உள்ளூரில் நிறுவும் மென்பொருள் பதிவில் மிக வேகமாக இருந்தது, ஆனால் தமிழ் அச்சில் 'கொ' உடைந்தது. தரவை வெளியே எடுக்க நிறுவனத்தாரே வந்தாக வேண்டுமாம். இணையவழி மென்பொருளில் எங்கள் ரிசப்ஷனில் இருக்கும் அம்மா முதல் ஐந்து பெயர்களுக்குத் தடுமாறினார். பிறகு ஒருவருக்கு 15 நொடிதான் ஆயிற்று. தரவை இறக்கும் வழியையும் காட்டினார்கள், வருகைக் குறிப்புகளும் சேர்ந்தே வந்தன. எச்1 பதிவேடு இருக்கிறது. தினசரிப் பதிவேட்டில் சேவையின் பத்தி மட்டும் இல்லை, செய்து தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது வந்த பிறகு மூன்று மாதத்துக்கு மட்டும் பணம் கட்டித் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு ஐயம். 11 ஆண்டு நோட்டுகளையும் ஆள் வைத்துத் தட்டச்சு செய்துவிட வேண்டுமா?

பதில் 2-இன் தொடர்ச்சி: கோயம்புத்தூர்

வேண்டாம் ஐயா. பாதிப் பேர் இனி வரவே மாட்டார்கள். வருபவர்களின் பெயரையும் தட்டச்சு செய்பவர் தம் விருப்பப்படி எழுதிவைத்து, முதல் நாளிலேயே இரட்டைப் பதிவுகளை உண்டாக்கிவிடுவார். பழைய நோயாளி வரும்போது புதிதாகப் பதிவு செய்து, குறிப்புக் கட்டத்தில் 'நோட்டு 14, பக்கம் 212' என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். நெடுநாள் நோயாளிகளுக்கு மட்டும் கடைசி மூன்று ஆய்வக முடிவுகளைச் செவிலியர் உள்ளிடட்டும். நோட்டுகளுக்கு முதுகில் எண் ஒட்டி, கரையான் அண்டாத அலமாரியில் வையுங்கள். மென்பொருளைத் தை மாதத்தில் தொடங்குங்கள்; மழைக்காலக் கூட்டத்தின் நடுவில் வேண்டாம்.

தினசரிப் பதிவேட்டின் விடுபட்ட பத்தியைச் செய்து தருவதாகச் சொன்னதற்கு ஒரு தேதி எழுதி வாங்கினீர்களா?

கேள்வி கேட்டவர்

இல்லை. நாளை காலையில் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.